பங்களாக்காவின் முகம்

பங்களாக்கா சிரித்து நான் பார்த்ததில்லை என்று சொன்னால் சிடுமூஞ்சி என்று நினைத்துக்கொள்வீர்கள். அது இல்லை. அவள் அழுதும் பார்த்ததில்லை, கோபப்பட்டும் பார்த்ததில்லை. கண், மூக்கு, வாய் எல்லாம் அதனதன் இடத்தில் லட்சணமாகத்தான் இருந்தன. ஆனால் அந்த முகத்தில் ஒன்றும் ஓடாது. நல்லது சொன்னாலும் கெட்டது சொன்னாலும் "அப்படியா" என்பாள். அந்த ஒரு வார்த்தையைக் கேட்டு எத்தனையோ தடவை பல்லைக் கடித்திருக்கிறேன்.

நான் பெருமாட்டிப் பக்கத்துக்காரி. தென்னந்தோப்பும் வாய்க்காலுமாக வெயிலில் வளர்ந்தவள். கல்யாணமாகி, தேவிகுளத்துக்கு மேலே ஒரு தேயிலை எஸ்டேட்டுக்கு வந்து சேர்ந்தேன். எங்கள் வீட்டுக்காரர் அங்கே லாரி டிரைவர். எழுபதுகளின் நடுப்பகுதி அது. வெள்ளைக்காரத் துரைமார் ஒவ்வொருவராக மூட்டை கட்டிக்கொண்டிருந்தார்கள். எங்களுக்குக் கிடைத்தது தொழிலாளர் லைனில் கடைசி வீடு. சுவருக்கு அந்தப் பக்கம் பங்களாக்காவும் அவள் மகள் செல்வியும். துரை பங்களாவில் ஆயா வேலை பார்த்ததால் எல்லாருக்கும் அவள் பங்களாக்கா. சொந்தப் பேரைச் சொல்லி யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை.

லைன் முழுக்கத் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து அப்பன், பாட்டன் காலத்தில் மலையேறிய குடும்பங்கள். நான் "ஏனுங்க்கா" என்று வாயைத் திறந்தாலே குழாயடியில் ஒரு சிரிப்பு கிளம்பும். "டிரைவர் பொண்டாட்டி தண்ணிக்குடத்தையும் வாங்க போங்கன்னுதான் கூப்பிடுவா போல" என்பார்கள். பங்களாக்கா மட்டும் சிரிக்கமாட்டாள். அதற்காகவே அவளிடம் ஒட்டிக்கொண்டேன். அவள் எதற்குமே சிரிப்பதில்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

அவளுடைய புருஷன் தேயிலை ஃபேக்டரியில் அடுப்புக்கு விறகு தள்ளுகிற வேலையில் இருந்தவன். நான் வருவதற்கு முன்பே கொழுந்து எடுக்கிற ஒருத்தியைக் கூட்டிக்கொண்டு மலையிறங்கிப் போய்விட்டான். சேதி வந்தபோது பங்களாவில் விருந்தாம். அவனுடைய அண்ணன் பின்வாசலில் நின்று விஷயத்தைச் சொல்ல, கையில் டீத்தட்டோடு நின்று கேட்டாளாம். "அப்படியா" என்றுவிட்டு உள்ளே போய் விருந்தாளிகள் எல்லாருக்கும் டீ கொடுத்துவிட்டு வந்தாளாம். தட்டில் ஒரு சொட்டு சிந்தவில்லையாம். லைனில் இந்தக் கதையைச் சொல்லும்போது அது பெருமையா வசவா என்று பிரிக்க முடியாது. "நெஞ்சழுத்தக்காரி" என்று முடிப்பார்கள்.

என்னால் கேட்காமல் இருக்க முடியவில்லை. அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள், பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"ஏனுங்க்கா, உங்களுக்கு வருத்தமே வராதுங்களா?"

"வரும்."

"அப்புறம் ஏன் மூஞ்சில காணமுங்க?"

முறத்தை நிறுத்தாமல் சொன்னாள். "நான் பாவாடை கட்டுற வயசுல பங்களாவுக்குப் போனவ. அப்போ இருந்த பெரிய தொரைசானி, நான் சிரிச்சா எதுக்குச் சிரிக்கேம்பா. மொகம் வாடுனா எதுக்கு வாடுதும்பா. பங்களாவுக்குக் கை போதும் தாயி, மொகம் வேண்டாம்."

"அது பங்களாவுலைங்க. ஊட்டுக்கு வந்தா?"

கொஞ்சம் யோசித்தாள். "வாசல்ல கழத்திப் போட்டுட்டு வாரதுக்கு அது என்ன செருப்பா?"

எனக்கு முதல் பிள்ளை தங்கவில்லை. நல்ல மழை, வீட்டுக்காரர் லோடு ஏற்றிக்கொண்டு கோயம்புத்தூர் போயிருந்தார். வலி தாங்காமல் சுவரைத் தட்டினேன். பங்களாக்கா வந்தாள். வெந்நீர் போட்டாள், துணி மாற்றினாள், செய்ய வேண்டியதையெல்லாம் செய்தாள். துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு போய்ப் புதைத்துவிட்டும் வந்தாள். ஒரு "ஐயோ" இல்லை, ஒரு உச்சுக்கொட்டல் இல்லை. எனக்கு வந்த ஆத்திரத்தைச் சொல்லி முடியாது. "நீங்க என்ன கல்லுங்களா?" என்று கத்தினேன்.

"கல்லுதான் தாயி. சாஞ்சுக்க" என்று பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அந்தத் தோளில் சாய்ந்துதான் அன்றைக்கு முழுக்க அழுதேன். நான் ஓய்கிறவரை அவள் அசையவில்லை. அன்றிலிருந்து அவளை யாராவது நெஞ்சழுத்தக்காரி என்றால் நான் சண்டைக்குப் போவேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம்.

கொட்டகையில் சினிமா வந்தால் லைனே கிளம்பிப் போகும். திரையில் தாய் சாகிற இடத்தில் பெண்கள் எல்லாரும் மூக்கைச் சிந்திக்கொண்டிருக்க, இவள் மட்டும் உலையில் அரிசி வேகிறதா என்று பார்ப்பவளைப் போல உட்கார்ந்திருப்பாள். செல்வி அம்மாவின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருப்பாள். படத்தைப் பார்க்க மாட்டாள். பதினைந்து பதினாறு வயசுப் பெண். அம்மாவுக்கு நேர்மாறு, தொட்டதற்கெல்லாம் சிரிப்பு, தொட்டதற்கெல்லாம் கண்ணீர். "எங்கம்மா என்னைத் திட்டவாச்சும் செய்யலாம் சித்தி" என்று ஒரு தடவை என்னிடம் சொன்னாள். நான் அதை விளையாட்டாக எடுத்துக்கொண்டேன்.

இனி, பங்களாவில் மாட்டியிருந்த ஜப்பான் சித்திரங்களுக்கு வருகிறேன்.

எஸ்டேட்டில் கடைசியாக இருந்த வெள்ளைக்காரத் துரை சீமைக்குக் கிளம்பியபோது, சாமான் கட்ட ஆள் பற்றவில்லை என்று பங்களாக்கா என்னையும் கூட்டிப்போனாள். பங்களாவின் நீளமான நடை முழுக்க, இரண்டு பக்கச் சுவரிலும் கண்ணாடிச் சட்டம் போட்ட படங்கள். ஒன்றில்கூட மரமோ மலையோ இல்லை. எல்லாம் முகங்கள், ஒன்றிரண்டில் மட்டும் முழு உடம்பு. துரைசானியின் அப்பா அந்தக் காலத்தில் ஜப்பானில் இருந்து வாங்கிவந்தவையாம். எனக்கு உள்ளே காலெடுத்து வைக்கவே பிடிக்கவில்லை. ஒருவனுக்கு இரண்டு கருவிழியும் மூக்கை நோக்கி ஓடியிருந்தது, வாய் ஒரு பக்கமாகக் கீழே இழுத்திருந்தது, விரல்கள் விறைத்து விரிந்திருந்தன. ஒரு கிழவனுக்குப் புருவம் இரண்டும் நெற்றி மேட்டில் ஏறி நின்றன. ஒரு பெண் கைத்துண்டின் முனையைப் பல்லில் கடித்துக்கொண்டு, கழுத்தை ஒரு பக்கம் திருகிக்கொண்டு, கீழே எதையோ பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னங்க்கா இது, பேயுங்களா?"

"மனுசங்கதான். கூத்து ஆடுறவங்க" என்றாள் பங்களாக்கா. வருஷக்கணக்கில் தினமும் துடைத்த படங்கள். துரைசானி ஒவ்வொன்றுக்கும் கதை சொல்லியிருந்தாள் போலிருக்கிறது. "கூத்துல உச்சக்கட்டம் வாரப்போ அப்படியே மொகத்த முறுக்கி அசையாம நிப்பாங்களாம். பாக்குற சனம் கத்துமாம். அதைப் பாத்து மரக்கட்டையில வெட்டி, மை தடவி, தாள் மேல ஒத்தி எடுத்தது. கருப்புக்கு ஒரு கட்டை, செவப்புக்கு ஒரு கட்டை, சேலைக்கு அச்சுப் போடுற மாதிரி. ஒரு கட்டை நூலளவு நவுந்தாலும் மொகம் கெட்டுப்போகுமாம்."

கண் ஒன்றுகூடியவனைக் காட்டி, "இவனுக்கு ஏனுங்க இத்தனை கோவம்?" என்றேன்.

"கோவமில்ல. பயம். எதிரி முன்னால பயத்தக் கோவமா மாத்திக் காட்டுதான். காலைப் பாரு, பெருவிரல் மட்டும் மேல தூக்கி நிக்குது." துண்டைக் கடித்தவளுக்கு முன்னால் கொஞ்சம் கூடுதலாக நின்றாள். "இவளுக்குப் புள்ள செத்த சேதி வந்திருக்கு. பக்கத்து ரூமுல எதிராளி இருக்கான். அழுதா மாட்டிக்குவா. அதான் சத்தம் வராம கடிச்சுக்கிட்டு நிக்கா. நம்ம ஊர்லயும் முந்தானையக் கடிப்பாங்கல்லா."

அவள் ஒரு மூச்சில் இத்தனை பேசி நான் கேட்டதில்லை. சமையற்கட்டில் பாத்திரம் கட்டிவிட்டுத் திரும்பி வந்தபோது இன்னொன்றையும் பார்த்தேன். துடைக்கிற துணியைக் கையில் வைத்துக்கொண்டு, படத்தின் கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்தபடி, புருவத்தை ஏற்றி வாயை ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டிருந்தாள். என் காலடி கேட்டதும் முகம் பழையபடி ஆகிவிட்டது. வெட்கப்படவில்லை. "வருதான்னு பாத்தேன். சரியா வரல" என்றாள்.

எல்லாப் படங்களும் பெட்டிக்குள் போயின. இத்தனை வருஷம் உழைத்தவள் என்று துரைசானி, ஏதாவது கேள் என்றாள். பாத்திரம் கேட்டிருக்கலாம், கம்பளி கேட்டிருக்கலாம். இவள் துண்டைக் கடித்தவளைக் கேட்டு வாங்கி வந்து, வீட்டுச் சுவரில் முருகன் காலண்டருக்குப் பக்கத்தில் ஆணியடித்து மாட்டினாள்.

லைனில் அன்றைக்கே பேச்சு ஆரம்பித்தது. ஜப்பான்காரி என்று படத்துக்குப் பேரும் வைத்துவிட்டார்கள். யார் வீட்டிலாவது மாடு பால் மறந்தால் ஜப்பான்காரி. பிள்ளைக்குச் சளி பிடித்தால் ஜப்பான்காரி. அவள் வீட்டைத் தாண்டும்போது கர்ப்பிணிகள் முகத்தை மூடிக்கொண்டு போனார்கள். செல்வியே படத்துக்கு முதுகைக் காட்டித்தான் சாப்பிட உட்காருவாள். "எடுத்துப் பரண்ல போட்டுருங்க்கா, எதுக்கு வம்பு" என்று நான்கூடச் சொன்னேன். "அவ யாரை என்ன பண்ணா? சத்தம்கூடப் போடாம நிக்கா" என்றாள்.

ஆடி மாதம். மழை விடாமல் பெய்து, லைனுக்கு ஏறிவரும் மண்பாதை ஓடைக்கு அக்கரையிலேயே சரிந்துவிட்டது. லாரி அக்கரையோடு நின்றுவிடும். ஓடையை மரப்பாலத்தில் நடந்துதான் கடக்க வேண்டும். எஸ்டேட் ஆஸ்பத்திரி அதற்கும் அப்பால், ஃபேக்டரிக்குப் பக்கத்தில். அந்த மழை தொடங்குவதற்கு முன்னால் செல்வி விறகு பொறுக்கப் போன இடத்தில், வெட்டிவிட்டிருந்த தேயிலைச் செடியின் கூர்முனை உள்ளங்காலில் ஏறியிருந்தது. மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துப் பூசினார்கள். காயம் மூடியும் விட்டது. அதை எல்லாரும் மறந்த பிறகு ஒரு நாள், வாயைத் திறந்தால் கன்னம் பிடிக்கிறது என்றாள். மறுநாள் காலையில் வாய் திறக்கவே இல்லை.

பங்களாக்கா வேலைக்குப் போயிருந்தாள். பங்களாவில் அப்போது புது மேனேஜர், நம் நாட்டுக்காரர். ஆள் அனுப்பி அவளைக் கூப்பிடுவதற்குள் செல்வியின் முகம் மாறிவிட்டது. புருவம் மேலே ஏறி, உதடு இரண்டு பக்கமும் இழுத்துக்கொண்டு, பல் தெரிந்தது. பார்க்கிறவர்களுக்குச் சிரிப்பது போல் இருக்கும். கண்ணில் மட்டும் சிரிப்பில்லை. திடீரென்று முதுகு வில்லாக வளைந்து, பாயை விட்டு மேலே எழும்பி, பிறகு விழும்.

பெண்கள் பார்த்தது செல்வியை மட்டுமல்ல, சுவரையும்தான். அதே பல், அதே இழுப்பு. "ஜப்பான்காரி புடிச்சுட்டா" என்று யாரோ சொல்ல, அடுத்த நிமிஷம் லைன் முழுக்க அதே பேச்சு. செல்வியின் பெரியப்பா, அதாவது ஓடிப்போனவனின் அண்ணன், கீழ் லைனிலிருந்து பேயோட்டுகிற கோடாங்கியைக் கூட்டி வந்துவிட்டான். படத்தைப் பிடுங்கி வாசலில் போட்டு மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்தினான். செல்வியை வாசல் கூரைக்குக் கீழே கிடத்தினார்கள். கோடாங்கி உடுக்கையை எடுத்து அடித்தான். அடி விழுந்ததும் செல்வியின் உடம்பு வளைந்து எழும்பியது. "பாத்தியா, உடுக்கைக்கு ஆடுது" என்றார்கள்.

பங்களாக்கா அப்போதுதான் நனைந்து வந்து சேர்ந்தாள். எரிகிற படத்தை ஒரு பார்வை பார்த்தாள். மகளிடம் குனிந்து முகத்தைப் பார்த்தாள், வெகுநேரம் பார்த்தாள். கோடாங்கி அடிப்பதையும் நிறுத்துவதையும் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து சொன்னாள்.

"இது பேயில்ல. அழுகையில்ல, சிரிப்பில்ல, பயமுமில்ல. இது யாரு மொகமும் இல்ல, சதை தானா இழுக்குது. நோவு இது. உடுக்கை அடிச்சா முறுக்குது, நிறுத்துனா தளருது. ஆஸ்பத்திரிக்குத் தூக்குங்க."

உப்பு ஜாடியைக் கொஞ்சம் நகர்த்தி வையுங்கள் என்று சொல்கிற குரல்.

"பேயக் கட்டாம ஓடைய எப்படித் தாண்ட? தூக்கிட்டுப் போறவன் மேல ஏறிடும்" என்றான் கோடாங்கி. நாலு இளவட்டங்கள் நின்றிருந்தார்கள், கம்பளியில் கட்டித் தூக்கினால் முடிகிற வேலை. ஒருவனும் அசையவில்லை. எல்லாருக்கும் வீட்டில் பிள்ளைகுட்டி இருந்தது. உடுக்கை மறுபடி ஆரம்பித்தது. செல்வியின் கடைவாயில் நுரையும் ரத்தமும் வந்தது, நாக்கைக் கடித்திருந்தாள்.

எனக்குப் பொறுக்கவில்லை. "ஏனுங்க, நீங்கெல்லாம் மனுசங்கதானுங்களா? புள்ள சாகுது, தூக்குங்க" என்று நடுவில் போய் நின்றேன்.

பெரியப்பா என்னைப் பார்த்தான். "பெத்தவளே பதறாம நிக்கா. உனக்கு என்ன புள்ள இந்தக் குதி?" என்றான்.

கூட்டத்தில் எல்லாரும் பங்களாக்காவைத் திரும்பிப் பார்த்தார்கள். அவன் சொன்னது நியாயம் என்றுதான் அந்தப் பார்வைக்கு அர்த்தம். நின்றது அந்த முகம், என்றைக்கும் போல. எனக்கே அந்த ஒரு கணம் அவள் மேல் கோபம் வந்தது. கொஞ்சம் மாரில் அடித்துக்கொண்டு அழுதால்தான் என்ன, காலில் விழுந்தால்தான் என்ன.

"பதறணுமோ" என்று கேட்டாள் அவள், யாரைப் பார்த்து என்று தெரியாமல்.

"பதறணும்லா" என்றாள் ஒரு பெண்.

பங்களாக்கா திரும்பி வீட்டுக்குள் போனாள்.

வெளியே வந்தபோது கொண்டை அவிழ்ந்திருந்தது. முந்தானையின் முனை பல்லில். கழுத்து, மரத்திருகாணி திரும்புவது போல மெதுவாக ஒரு பக்கம் திரும்பியது. திரும்பி முடித்ததும் இரண்டு கருவிழியும் மூக்குக்கு ஓடின. வாய் ஒரு பக்கமாகக் கீழே இறங்கியது. புருவம் ஏறியது. ஒரு கை தலைக்கு மேலே போய், விரல்கள் ஒவ்வொன்றாக விறைத்தன. ஈரத்தரையில் ஊன்றிய காலில் பெருவிரல் மட்டும் மேலே எழும்பியது. அப்படியே நின்றாள். மூச்சுகூட விடவில்லை.

எனக்கு அது என்ன என்று தெரியும். அந்த நடையில் இருந்த முகங்கள் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக அவள் முகத்தில் பதிந்திருந்தன. தெரிந்தும் நான் ஓரடி பின்னால் போனேன். தெரியாதவர்களைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. பெண்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். உடுக்கை நின்றது.

கோடாங்கிக்குக் குரல் பிசிறியது. "யாரு நீ? என்ன வேணும்?"

முந்தானை வாயிலிருந்து விழுந்தது. அடிவயிற்றிலிருந்து ஒரு குரல் வந்தது, நான் அதுவரை கேட்காத குரல். "நான்தான். நீ எரிச்சவ. புள்ளைய விட்டுட்டேன், ஆத்தா மேல ஏறிட்டேன். நான் பங்களாவுல இருந்தவடா. உன் உடுக்கைக்கா எறங்குவேன்? டாக்டர் கையிலதான் எறங்குவேன். புள்ளைய முன்னால தூக்கு, நான் பின்னால வாரேன். சத்தம் கூடாது. எவனாச்சும் சத்தம் போட்டா அவன் வீட்டுல ஒண்ண எடுப்பேன்."

பெரியப்பாவே முதல் ஆளாகக் கம்பளியை விரித்தான். பேய் விட்டுவிட்ட பிள்ளையைத் தூக்க யாருக்கும் பயமில்லை. கழியில் கட்டி, நாலு பேர் தோள் கொடுத்து, மழையில் இறங்கினார்கள். ஒருவரும் பேசவில்லை. பின்னால் பத்தடி விட்டு அவள். அந்த இறக்கம் முழுக்க அவள் முகத்தை இறக்கவில்லை. தூக்குகிறவர்கள் நடுவில் நடுவில் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனார்கள், இறக்கியிருந்தால் அங்கேயே போட்டுவிட்டு நின்றிருப்பார்கள். நான் அவளை ஒட்டி நடந்தேன். தாடை வெடவெடவென்று ஆடியது. கண் அப்படி நின்றால் பாதை எங்கே தெரியும்? இரண்டு தடவை விழப்போனவளைப் பிடித்தேன். "போதுங்க்கா, அவங்க பாக்கல" என்று காதோடு சொன்னேன். கேட்கவில்லை.

அக்கரையில் எங்கள் வீட்டுக்காரர் லாரியோடு நின்றார். சாக்கு விரித்துச் செல்வியைக் கிடத்தினோம். ஆண்கள் பின்பலகையில் தொற்றிக்கொண்டார்கள். அதனால் பங்களாக்கா லாரிக்குள்ளும் அப்படியே உட்கார்ந்திருந்தாள், மகளின் தலைமாட்டில், மகளின் முகத்துக்கு நேர் மேலே. வாய்தான் பூட்டியிருந்ததே தவிர, செல்விக்கு நினைவு தப்பவில்லை. கண் திறந்திருந்தது. அந்தக் கண் போக வேறு இடமில்லை.

ஆஸ்பத்திரியில் மலையாளி டாக்டர் ஒரே பார்வையில் ரணஜன்னி, டெட்டனஸ் என்றார். காலைத் திருப்பி மூடிய காயத்தைப் பார்த்தார். இருட்டறையில் போட்டார்கள், ஊசிமேல் ஊசி. "ஒச்சை பாடில்லா, சத்தமே கூடாது. வெளிச்சமும் வேண்டா. சின்ன சத்தம் கேட்டாப் போதும், உடம்பு முறுக்கும்" என்று எங்களிடம் சொன்னார். இன்னும் கொஞ்சம் அந்த உடுக்கையை அடித்திருந்தால் மூச்சு நின்றிருக்கும் என்றார். கதவு சாத்தியதும் பங்களாக்காவின் முகம் பழைய இடத்துக்கு வந்தது. தலையை அள்ளி முடிந்துகொண்டு, "வெந்நி எங்க கிடைக்கும்?" என்று நர்ஸிடம் கேட்டாள்.

பிள்ளை பிழைத்துவிட்டது. அதைச் சொல்லிவிடுகிறேன், நீங்கள் அதற்காகக் காத்திருக்க வேண்டாம். ஆனால் அந்த இருட்டறைக்குள் அம்மா நுழைந்த முதல் தடவையே செல்வியின் உடம்பு வில்லாக வளைந்தது. இரண்டாம் தடவையும் அப்படியே. நான் போனால் ஒன்றுமில்லை, நர்ஸ் போனால் ஒன்றுமில்லை. டாக்டர் பங்களாக்காவை வராந்தாவிலேயே இருக்கச் சொல்லிவிட்டார். அவள் வாரக்கணக்கில் அங்கேயே இருந்தாள். கஞ்சி காய்ச்சிக் கொண்டுவந்து வாசலில் என் கையில் கொடுப்பாள். ஒரு தடவைகூட எட்டிப் பார்க்க முயலவில்லை.

செல்வி எழுந்து நடந்ததும், போடியிலிருந்து அவள் அத்தை வந்து கூட்டிப்போனாள். தேறட்டும் என்றுதான் அனுப்பினோம். திரும்பி வரவில்லை.

பங்களாக்காவுக்குப் பங்களா வேலையும் போயிற்று. ஜப்பான்காரி ஏறிய ஆயாவைப் பிள்ளைகள் இருக்கிற வீட்டில் வைத்துக்கொள்ள மேனேஜர் சம்சாரத்துக்குத் தைரியமில்லை. கொழுந்து எடுக்கப் போனாள். அவள் நிற்கிற வரிசைக்கு இரண்டு பக்கமும் ஒரு வரிசை காலியாகவே கிடக்கும். சில பேர் திருநீறு பூசச் சொல்லிப் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். அதே வாயால் வழியில் கண்டால் ஒதுங்கவும் செய்தார்கள். அவளோ எல்லாவற்றுக்கும் "அப்படியா". எனக்குத்தான் வயிறு எரிந்தது. "எல்லாம் நடிப்பு, உங்களை ஏமாத்தத்தான் பண்ணாங்க, போய்ப் படுங்க" என்று குழாயடியில் கத்தினேன். என்னையும் அவள் பிடித்துவிட்டாள் என்று பேசிக்கொண்டார்கள்.

ஒரு சாயங்காலம் அவளாகவே என்னிடம் வந்தாள். எதையும் கேட்டு வராதவள். "உங்க வீட்டுக்காரர் அரிசி ஏத்தப் போடிக்குப் போறாராமே. நீயும் போய்ட்டு வாயேன். அது நடிப்புன்னு செல்விகிட்டச் சொல்லு. நான் சொன்னா நம்பாது. நீ படத்தைப் பாத்தவ."

போனேன். செல்வி ஏலக்காய் பொறுக்குகிற கிடங்கில் வேலைக்கிருந்தாள். என்னைக் கண்டதும் ஓடிவந்து கட்டிக்கொண்டாள், அழுதாள், சிரித்தாள், பழைய செல்விதான். கன்னம் மட்டும் ஒட்டிப்போயிருந்தது. கிடங்கு வாசலில் உட்கார்ந்து, பங்களா நடையில் பார்த்ததிலிருந்து எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னேன். ஆஸ்பத்திரிக்குத் தூக்கவைக்க வேறு வழி இல்லை, உன் உசுருக்காகத்தான் பண்ணினாள் என்றேன்.

"தெரியும் சித்தி" என்றாள்.

"என்ன தெரியும் கண்ணு?"

"எனக்கு அன்னைக்கு எல்லாம் கேட்டுச்சு, எல்லாம் தெரிஞ்சுச்சு. அம்மா பதறணுமோன்னு கேட்டது, உள்ள போனது, எல்லாம் பாத்துக்கிட்டுத்தான் கெடந்தேன். நடிப்புன்னு எனக்கு அப்பவே தெரியும்."

"அப்புறம் என்னத்துக்கு இங்க கெடக்கற? கெளம்பு, ஊட்டுக்குப் போலாம்."

மடியில் கிடந்த ஏலக்காய்த் தோலை ஒவ்வொன்றாகத் தட்டிவிட்டாள். "தெரிஞ்சு என்ன சித்தி. கண்ண மூடி அம்மான்னு நெனச்சா அந்த மொகந்தான் வருது. வேற ஏதாச்சும் வரட்டும்னு நானும் பாக்கேன். வேற மொகம் அம்மா எனக்குக் காட்டவே இல்லையே."

கிளம்பும்போது அம்மாவுக்கென்று ஒரு பொட்டலம் ஏலக்காய் கொடுத்தாள். மலையேறுகிற வழியெல்லாம், என்ன பொய் சொல்லலாம் என்றுதான் யோசித்துக்கொண்டு வந்தேன். கொஞ்ச நாள் போகட்டும் என்கிறாள், அத்தை விடமாட்டேன் என்கிறாள், இப்படி எத்தனையோ. லாரி ஓடைக்கரையில் நின்றபோது அவள் பாலத்துக்கு இந்தப் பக்கமே வந்து நின்றிருந்தாள்.

"என்ன சொல்லுது?" என்றாள்.

அந்த முகத்துக்கு முன்னால் என்னால் பொய் சொல்ல முடியவில்லை. செல்வி சொன்னதை அப்படியே சொன்னேன். கேட்டுக்கொண்டு நின்றாள். பாலத்தில் ஏறி நாலு அடி வைத்தாள். பிறகு திரும்பாமலே சொன்னாள்.

"இனி நான் போய்ச் சிரிச்சுக் காட்டுனாலும், அதுவும் நடிப்புன்னுதானே நெனைக்கும்."

நான் எட்டி நடந்து ஏலக்காய்ப் பொட்டலத்தை அவள் கையில் வைத்தேன். அவள் என் கையிலிருந்த அரிசிப் பையை வாங்கித் தலையில் வைத்துக்கொண்டு முன்னால் நடந்தாள்.